டெக்சாஸ்: தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

"டெக்சாஸில் ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர் கொண்டவர்கள்) பெருகிவிட்டார்கள், இந்த முறை மாநிலம் குடியரசுக் கட்சியிடமிருந்து ஜனநாயகக் கட்சிக்கு மாறிவிடும்." ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலுக்கும் இதை யாராவது எழுதிவிடுகிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானியர் 39.3 சதவீதம், ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 39.7. மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் அது தலைக்கணக்கு. தொட்டில் குழந்தையும் அதில் உண்டு. வாக்களிக்க 18 வயது நிறைய வேண்டும், குடியுரிமையும் வேண்டும். ஹிஸ்பானியரில் சிறுவர்கள் அதிகம், குடியுரிமை பெறாத பெரியவர்களும் கணிசம். அதனால் வாக்குரிமை உள்ளவர்களில் அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வெள்ளையர் ஏறத்தாழப் பாதி.

தொகுதி பிரிக்கவும் வாக்குரிமை உள்ளவர்களைத்தான் எண்ண வேண்டும் என்று டெக்சாஸ்காரர்கள் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். மொத்த மக்கள்தொகையை வைத்துப் பிரித்ததே செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 2016-இல். (எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.)

சரி, வாக்கு இருப்பவர்களாவது சொன்னபடி போட்டார்களா? மெக்சிகோ எல்லையில் ஸ்டார் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), கிட்டத்தட்ட முழுக்க ஹிஸ்பானியர். 2024-இல் டிரம்பை வெல்ல வைத்தது. குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஒருவர் அங்கே ஜெயித்தது 1892-க்குப் பிறகு அதுவே முதல் முறை.