வீராம்பட்டினக் கரையும் சுவரில் பென்சில் கோடும்

பிப்ரவரி 11, ஞாயிறு

மனைவிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையில் ஐந்து முடிந்தது. இன்னும் இருபது.

ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டியை மாலையில் திறந்தேன். ஒன்பதடி நீளமுள்ள எட்டாம் எண் ஃப்ளை தூண்டில் தடி, நான்கு துண்டுகளாகத் துணியுறைக்குள் பதினேழு ஆண்டுகளாக அப்படியே கிடந்திருக்கிறது. அதில் வீசும் கனமான நூலான ஃப்ளை லைன்தான் போய்விட்டது. விரல்களுக்கிடையே மெல்ல இழுத்துப் பார்த்தபோது, அதன் பிவிசி மேற்பூச்சில் சாணுக்கொரு வெடிப்பு நகத்தில் தட்டியது. நீலகிரியில் கட்டிய ஃப்ளைகளின், அதாவது முள்ளில் இறகு சுற்றிய பொய் இரைகளின், கோழியிறகை அந்துப்பூச்சி தின்று, துருவேறிய முள்ளும் நூலும் மட்டும் மிஞ்சியிருந்தன.

பிப்ரவரி 12, திங்கள்

ஆறு. புதிய லைனுக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

எட்டு. அவள் தூங்கிய பிறகு, சாதாரணத் தூண்டிலும் கொஞ்சம் இறாலும் எடுத்துக்கொண்டு வீராம்பட்டினத்துக்குப் போனேன். அங்கே மணல் தாராளமாகக் கிடக்கிறது, புதுச்சேரி நகரத்துக் கடற்கரையிலோ பெரும்பாலும் கருங்கல்தான் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்துவிட்டதால், தென்புறம் கரை வளர்ந்தது, வடபுறம் தேய்ந்தது. அதனால் ஒரே ஊரில் இரண்டு விதமான கரைகள் கிடைத்திருக்கின்றன: கல்லிடுக்கில் செப்பிலியும் கலவாவும், மணல் அலையில் கிழங்கானும். ஓர் அலை உடைந்து அடுத்தது எழும் இடத்துக்கு நடுவில், நீர் சற்றுக் கருத்துத் தெரியும் பள்ளத்தில் ஈயத்தைப் போட்டேன். இரண்டு கிழங்கான்கள் கிடைத்தன. கடித்ததும் தங்கூசி நூல் வழியாக விரலுக்கு வரும் அந்தச் சிறு நடுக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

பத்து. லைன் வந்துவிட்டது.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை வீச்சிலோ முள்ளுக்கு எடையே இல்லை, லைன்தான் எடை. எட்டாம் எண் லைனின் முதல் 30 அடி 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம். அந்தப் பதின்மூன்று கிராம் பின்னால் முழுதாக நீண்டு தடியை வளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் முள்ளில்லாமல் வீசிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் அரை நொடி முந்திக்கொண்டே இருந்தேன். 1907இல் எச். சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த அந்த மலையோடைகளில்தான் அப்பா எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். சோலை மரங்கள் பின்வீச்சுக்கு இடம் தராத ஊர் அது. நீரின் மேலேயே லைனை உருட்டி வீசித்தான் பழக்கம். முதுகுக்குப் பின்னால் இத்தனை வெட்டவெளி எனக்குப் புதிது.

பிப்ரவரி 17, சனி

காற்றைப் பற்றித்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு மாலைக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து, வலது முன்புறமாக அடிக்கிறது, நான் வலக்கைக்காரன். இன்று முள் என் காதை உரசிக்கொண்டு போனது. தடியை இடது தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசினால் தப்பலாம், ஆனால் தூரம் பாதியாகிறது. விடியலுக்கு முன்னால் நிலக்காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது பின்வீச்சைத் தாழ்த்தி அழுத்தமாகவும் முன்வீச்சை உயர்த்தியும் போட்டால், மிச்ச வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். காலையில்தான் போக வேண்டும். ஆனால் காலையில்தான் அவளுக்கு இருமல் வருகிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

பன்னிரண்டு. படுக்கையறைச் சுவரில் இடக்கை விரல்களை ஊர வைத்து ஏற்றும் பயிற்சியில், நேற்றைய பென்சில் கோட்டை அவளால் தொட முடியவில்லை. நான் அழிப்பான் தேடினேன். அப்படியே இருக்கட்டும் என்றாள்.

பிப்ரவரி 22, வியாழன்

இயந்திரம் பழுது. பதினொரு மணிவரை உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஒரு நாள் தவறினால் கணக்கு என்ன ஆகும் என்று மூன்று பேரிடம் கேட்டேன்; மூவரும் ஒன்றும் ஆகாது, கடைசியில் ஒரு நாள் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். மூவரும் ஒரே சொற்களில் சொன்னதால், யாரோ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. மதியம் தூக்கம் வரவில்லை. ரீலைப் பிரித்து, உப்பு படிந்திருந்த இடங்களைப் பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து, நன்னீரில் அலசி, துடைத்து, மீண்டும் பூட்டி, மறுபடியும் பிரித்தேன். ஐந்து நாள்களில் கைப்பிடித் திருகின் அடியில் பச்சை பூத்திருக்கிறது. ஐந்தே நாளில் உலோகத்தை இவ்வளவு அரிக்கும் உப்பு இருக்கும்போது ஒரு நாளில் ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்கிறார்கள்? உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து ரீலைத் தொட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

பதினான்கு. நிம்மதி.

பிப்ரவரி 24, சனி

மாசி மகம். வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி, சாமிகள் கடலுக்கு வரும் நாளில் தூண்டிலை வெளியே எடுக்க மனம் வரவில்லை. கூட்டத்தில் அவளுக்கு இடி படக்கூடாதென்று தெருமுனையிலேயே நின்று கும்பிட்டோம்.

பிப்ரவரி 26, திங்கள்

பதினைந்து. சாப்பாட்டு மேசையில் ஃப்ளை கட்டினேன். பாப் கிளௌசர் என்ற அமெரிக்கர் வகுத்த முறை: முள்ளின் மேல்பக்கத்தில் கனமான கண்கள் இரண்டு இருப்பதால், நீரில் முள் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும், நூலை விட்டு விட்டு இழுத்தால், அடிபட்ட சிறுமீன்போல மூக்குக் குத்தி இறங்கி இறங்கி எழும். கண்களுக்குச் சாவிக்கொத்துச் சங்கிலியின் குண்டுமணிகள் இரண்டை வெட்டினேன். உடலுக்கு வெள்ளாட்டு வால்முடி. மினுமினுப்புக்கு எதுவும் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தபோது, கிழிந்துபோன பட்டுப்புடவையின் கரையிலிருந்து ஆறு இழை ஜரிகையைப் பிரித்து, வலக்கையாலேயே நீவி, என் பக்கம் தள்ளினாள். முடிச்சுப் போடும்வரை அவள் விரல்தான் நூலை அழுத்திப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 28, புதன்

பதினேழு. விடியலில் ஒரு பாறைமீன் குஞ்சு, சாண் நீளம், ஜரிகை ஃப்ளையில். கீழ்த்தாடையின் ஓரத்தில் முள் ஏறியிருந்தது. தண்ணீரிலேயே கழற்றி விட்டுவிட்டேன். வலைகளை உதறிக்கொண்டிருந்த பெரியவர், இதற்கா சார் இவ்வளவு கயிறு என்றார். ஆமாம் அண்ணே என்றேன்.

மார்ச் 1, வெள்ளி

பத்தொன்பது. தோலில் கருமை கூடியிருக்கிறது. ரவிக்கை படாமல் இருக்க என் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொள்கிறாள். சுவரில் புதுக் கோடு, பழையதைவிட இரண்டு விரற்கடை மேலே.

மார்ச் 2, சனி

ஐந்தேகால் மணிக்குத் தடியைக் கோத்துக்கொண்டிருந்தபோது, தானும் வருவதாகச் சொன்னாள். வெயில் ஏறினால் தோலுக்கு ஆகாது என்று குடையை எடுத்துக்கொண்டேன். நிலக்காற்று இன்னும் இருக்கிறது.