மடியில் வைத்துப் பார்க்கும் ஸ்லைடு ஆல்பம்

என் தாய்மாமா பினாங்குத் துறைமுகத்தில் சரக்குகளை எண்ணிக் கணக்கெழுதும் டேலி கிளார்க்காக இருந்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சம்பளத்தில் ஒரு பங்கு ஸ்லைடு பிலிமுக்கே போனது. அத்தைக்கு அதில் ரொம்ப வருத்தம். இன்றைக்கு அந்தப் படங்களை எடுத்துக்காட்டச் சொல்லி முதலில் கேட்பவரும் அத்தைதான். தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம், கொம்தார் பாதிக் கட்டடமாக எழும்பி நிற்கும் ஜார்ஜ் டவுன், பினாங்குப் பாலம் வருவதற்கு முந்தைய பட்டர்வொர்த் படகுத்துறை, தண்ணீர்மலை அடிவாரத்தில் பால்குடத்தோடு எங்கள் பாட்டி. எல்லாமே இரண்டு அங்குலச் சதுர அட்டைக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பிலிம் துண்டுகள்.

இவற்றைப் பார்ப்பதற்காக ஒரு விளக்கு ஆல்பம் செய்திருக்கிறேன். மடியில் வைத்துக்கொள்ளலாம், காரில் எடுத்துப்போகலாம், பவர் பேங்கில் எரியும். பழைய ஸ்லைடு டப்பா வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"ஸ்கேன் பண்ணி வாட்சப்பில் போட்டால் முடிந்ததே" என்று என் மகன் கேட்டான். ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். நானும் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் ஸ்லைடு வேறு பொருள். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது நம் கைக்கு வருவது நகல். ஸ்லைடு அப்படியில்லை. அன்றைக்குக் கேமராவுக்குள் இருந்த அதே பிலிம் துண்டுதான் கழுவி, வெட்டி, அட்டையில் ஏறியிருக்கிறது. ரதத்தின் வெள்ளித் தகட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் நேராக இதன்மேல் விழுந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மாமா அன்று நின்ற இடத்தில் நாமும் நிற்கிறோம்.

பார்வைக்கும் வித்தியாசம் பெரிது. தாளில் அச்சான படத்தில் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் நூறு மடங்கு அளவில்தான் வேறுபாடு. நல்ல ஸ்லைடில் அது ஆயிரம் மடங்கைத் தாண்டும். ரதத்தில் எரியும் விளக்கும் அதன் அடியில் நிற்கும் மாட்டின் கறுத்த கொம்பும் ஒரே படத்தில் தெரிவது அதனால்தான்.

முன்பெல்லாம் புரொஜெக்டர் போட்டுப் பார்ப்போம். வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, விளக்கை அணைத்து, எண்பது ஸ்லைடு கொள்ளும் வட்டத் தட்டை மேலே மாட்டினால் ஒரு ராத்திரி போய்விடும். அந்தக் கேரசல் வகை புரொஜெக்டர் தயாரிப்பை கோடாக் 2004இல் நிறுத்திவிட்டது. மாமா வீட்டு மெஷினில் பல்பு போய் வருடங்கள் ஆகின்றன. பல்பு கிடைத்தாலும் இனி அதில் போட எனக்கு மனமில்லை. அந்த ஹாலஜன் விளக்கின் சூடும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னும். மாமாவிடம் அதிகம் இருப்பது கோடாக்ரோம் என்ற வகை ஸ்லைடு பிலிம். அது இருட்டில் பத்திரமாக இருக்கும். புரொஜெக்டர் வெளிச்சத்தில்தான் சீக்கிரம் வெளுக்கும். அடிக்கடி போட்டுப் பார்த்த கல்யாணப் படங்கள் வெளுத்திருப்பதையும், யாரும் கேட்காத கப்பல் படங்கள் நேற்றுக் கழுவியது போல் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கையில் வைத்துப் பார்க்கும் யோசனை புதிதல்ல. லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் வண்ணப் படங்கள் கண்ணாடித் தகட்டில் இருந்தன. உருளைக்கிழங்கு மாவின் நுண்ணிய துகள்களுக்குச் சாயம் ஏற்றி அதன் வழியாக நிறத்தைப் பிடித்தார்கள். அந்தத் தகடுகள் இருண்டவை, நல்ல வெளிச்சம் வேண்டும். அதனால் டயாஸ்கோப் என்ற மடிப்புப் பெட்டி வந்தது. திறந்தால் ஒரு பக்கம் படம், மறு பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி. சன்னல் வெளிச்சம் படத்தின் வழியாக இறங்கிக் கண்ணாடியில் விழும். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பார்கள். பேட்டரி தேவைப்படாத விளக்கு ஆல்பம் அது. நூறு வருடத்துக்கு முன்னால் இவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

சரி, என் ஆல்பத்துக்கு வருகிறேன். வெளிக்கூடு, ஆபிசில் பயன்படுத்தும் தடித்த ரிங் பைல். உள்ளே ஸ்லைடு போடுவதற்கென்றே வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்கள். ஒரு தாளில் இருபது பை. எட்டுத் தாள் வைத்தால் 160 ஸ்லைடு, இரண்டு கேரசல் தட்டுக்குச் சமம். விளக்குப் பலகையைப் பின்னட்டையில் ஒட்டினால் கடைசித் தாளுக்கு மட்டும்தான் வெளிச்சம் கிடைக்கும். மற்ற தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஸ்லைடு அட்டைகள் மறைத்துவிடும். அதனால் பலகையை எதிலும் ஒட்டவில்லை. ஒரு விரல் தடிமன்கூட இல்லாத தனிப்பலகை அது. எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமோ அதன் அடியில் செருக வேண்டும். ஒயர் பைலின் முதுகுப் பக்கமாக ஓடி வெளியே இருக்கும் பவர் பேங்குக்குப் போகிறது.

பலகைக்குள் இருப்பது பல டிவி, மடிக்கணினித் திரைகளுக்குப் பின்னால் இருக்கும் அதே ஏற்பாடு. ஓர் அக்ரிலிக் தகடு, அதன் ஓரத்தில் வரிசையாக எல்.இ.டி. வெளிச்சம் ஓரத்தில் நுழைந்து, தகட்டின் இரண்டு முகத்துக்கும் நடுவில் மோதி மோதி ஓடும், தானாக வெளியே வராது. பின்முகத்தில் பொறித்த புள்ளிகளில் படும்போதுதான் சிதறி மேலே வரும். விளக்குக்குப் பக்கத்தில் புள்ளிகள் தள்ளித் தள்ளியும், தூரத்தில் நெருக்கமாகவும் இருந்தால் பலகை முழுக்க ஒரே சீரான வெளிச்சம். பின்னால் ஒரு வெள்ளைத் தாள், முன்னால் பால் நிறப் பரப்பித் தாள். அவ்வளவுதான்.

நான் பாயான் லெப்பாசில் எல்.இ.டி. சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். விளக்குப் பலகை என்று இணையத்தில் தேடினால் படம் டிரேஸ் செய்யும் மலிவான பலகைகள்தான் முதலில் வரும். அப்படி ஒன்றில்தான் மாமாவுக்கு முதலில் காட்டினேன். பாட்டியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, அம்மா நெத்தியில குங்குமம் காப்பித்தூள் மாதிரி இருக்கே, இது சரியில்லலா" என்றார்.

கண் பார்வை குறைந்த மனிதர் சொன்னாலும் அவர் சொன்னது துல்லியம். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி. மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பொடி பூசியது. மலிவான வகையில் நீலம் கூர்மையாக எழும், ஆழ்ந்த சிவப்பு இருக்கவே இருக்காது. விளக்கில் இல்லாத சிவப்பை ஸ்லைடு எங்கிருந்து காட்டும்? விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்குப் பெட்டியில் போட்டிருக்கும் சி.ஆர்.ஐ. எண்ணை மட்டும் நம்ப முடியாது. அது எட்டு வெளிறிய மாதிரி நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு ஆர்9 என்ற தனி எண்ணில் வரும். அந்தச் சராசரியில் அது சேராது. சி.ஆர்.ஐ. 80 என்று விற்கும் விளக்கின் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கலாம். நம் வீட்டுப் படங்களில் என்ன நிறம் அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். குங்குமம், செம்பருத்தி, பட்டுச் சேலையின் அரக்கு, கோயில் சுவரின் காவிப் பட்டை. ஆர்9 இல்லாத விளக்கில் இவை அத்தனையும் செத்துப்போகும்.

எனவே சி.ஆர்.ஐ. 95க்கு மேல், ஆர்9 90க்குக் குறையாத எல்.இ.டி. துண்டுகளை வாங்கினேன். ஒரே பின்னில் இருக்கும்படி கேட்டு வாங்கினேன். ஒரே தயாரிப்பில் வரும் எல்.இ.டி.களுக்குள்ளும் நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதை அளந்து தரம் பிரிப்பதுதான் பின்னிங். வேறு வேறு பின் கலந்தால் பலகையின் ஒரு மூலை இளஞ்சிவப்பாகவும் இன்னொரு மூலை பச்சையாகவும் தெரியும். வெளிச்சத்தின் நிறம் 5000 கெல்வின். ஸ்லைடு பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3664 என்ற சர்வதேசத் தரம் சொல்வது அதுதான். பிரகாசத்துக்கும் அந்தத் தரத்தில் அளவு உண்டு, சதுர மீட்டருக்கு 1270 கேண்டெலா. வீட்டுக் கணினித் திரை பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. டேப்லெட்டில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன்மேல் ஸ்லைடை வைப்பவர்கள் ஏமாந்துபோவது அதனால்தான். போதாததற்குத் திரையின் புள்ளிகளும் படத்துக்கு நடுவில் தெரியும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். விட்டுவிட்டு எரிய வைத்துக் குறைக்கும் டிம்மர் கண்ணை அலுக்க வைக்கும், போனில் படம் பிடித்தால் பட்டை பட்டையாக விழும். மின்னோட்டத்தையே குறைக்கும் டிம்மர் போட்டிருக்கிறேன்.

அப்புறம் கறுப்பு அட்டை. இது காசே இல்லாத வேலை, ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. ஸ்லைடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தால் கண்மணி சுருங்கிவிடும், படத்தின் இருட்டுப் பகுதி அப்படியே மூடிக்கொள்ளும். இருபது சன்னல் வெட்டிய கறுப்பு மவுண்ட் அட்டையைத் தாளின்மேல் வைத்ததும் பாட்டிக்குப் பின்னால் கூட்டத்தில் நின்றிருந்த முகங்கள் தெரிந்தன. நாலு மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பைலில் மாட்டியிருக்கிறேன். நாலு மடங்கு போதும், முழுப் படமும் ஒரே பார்வையில் வரும். எட்டு மடங்கில் ஒரு முகத்தைப் பார்க்கலாம், ஊர்வலத்தைப் பார்க்க முடியாது.

மாமாவுக்கு ஒரு கண்ணில்தான் புரை நீக்கியிருக்கிறது. வயதான கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும். புரை எடுத்த கண்ணுக்கு அந்தத் தடை இல்லை. படகுத்துறைப் படத்தை முதலில் இடது கண்ணால் பார்த்தார், பிறகு வலது கண்ணால். "இந்தக் கண்ணுல பார்த்தாதான் அன்னைக்கு இருந்த கடல்" என்றார். அதிலிருந்து எல்லாப் படத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறார்.

அடுக்கும் வேலை எதிர்பார்த்ததைவிடச் சுலபம். அந்தக் காலத்திலேயே கோடாக்ரோமை ஊரில் கழுவ முடியாது; நிறம் தரும் வேதிப்பொருள் பிலிமில் இல்லாமல் கழுவும்போது சேர்ப்பது என்பதால் அதற்கான ஆய்வகங்கள் உலகத்திலேயே குறைவாகத்தான் இருந்தன. மாமா அஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புவார். திரும்பி வரும் அட்டைகளில் கழுவிய மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அந்தத் தேதியை வைத்தே பக்கங்களை வரிசைப்படுத்தினேன். ஊரில் கழுவிய எக்டாக்ரோம் என்ற இன்னொரு வகைப் பிலிமின் அட்டைகளில் தேதி இல்லை. அவற்றுக்குக் கொம்தார் எத்தனை மாடி எழும்பியிருக்கிறது, கடலில் பாலத்தின் தூண்கள் நிற்கின்றனவா என்று பார்த்தோம். பாலம் 1985இல் திறந்தது. வலம் இடம் மாறியிருக்கிறதா என்று தெரிய லெபோ பாசார் கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளே போதும்.

ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பினாங்குக்காரியே இல்லை. பிலிமின் மேலிருப்பது ஜெலட்டின், பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. காற்றில் ஈரம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினால் வளர ஆரம்பிக்கும். நம் தீவில் வருடம் முழுக்க ஈரம் அதிகம். கண்ணாடிக்கு நடுவில் அடைத்த ஸ்லைடுகளின் நிலை இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பூஞ்சணம் பிடித்த ஸ்லைடைத் தயவுசெய்து தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் கூடவே போய்விடும். முதலில் உலர்ந்த இடத்தில் வைத்து வளர்ச்சியை நிறுத்துங்கள். தாள்கள் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். வாசனை அடிக்கும் மெத்தென்ற பிவிசி தாள் காலப்போக்கில் பிசுபிசுத்து ஸ்லைடில் ஒட்டும். ஆல்பம் பார்ப்பதற்கு மட்டும்தான். பார்த்து முடித்ததும் தாள்களைக் கழற்றி, 45 சதவீதத்தில் வைத்திருக்கும் கேமரா அலமாரிக்குள் போட்டுவிடுவேன்.

போன தீபாவளிக்கு ஆல்பத்தை புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு எடுத்துப்போனோம். பசியாறிவிட்டு ஹாலில் உட்கார்ந்தால் வழக்கமாக ஆளுக்கொரு போனைப் பார்ப்போம். அன்று லூப் ஒன்றுதான், ஆள் ஒன்பது பேர். ஒருவர் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கதைகள் வந்தன. தேங்காய் உடைக்கும் கூட்டத்தில் முதுகு காட்டி நிற்பவர் யார் என்று மாமாவுக்கே நினைவில்லை. சின்னம்மா சட்டைக் கட்டத்தைப் பார்த்தே சொன்னார், அது தன்னுடைய மூத்த அண்ணன், அந்தச் சட்டையைத் தைத்ததே தான்தான் என்று. இறந்துபோன அந்த அண்ணனின் படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. முதுகு மட்டும்தான் தெரிகிறது என்றாலும் சின்னம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பேத்திக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஸ்கேன் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

புறப்படும்போது சின்னம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துக் கொடுத்தார். சித்தப்பா எடுத்த ஸ்லைடுகள், முக்கால்வாசி கண்ணாடிச் சட்டத்தில் இருப்பவை. இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, பூஞ்சணம் பிடிக்காததை அட்டைச் சட்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்துக்குள் இரண்டு தாளாவது நிரம்பிவிடும்.