ஸ்வெட்டரோடு எடை போட்டால் இப்படித்தான்

குழந்தையைத் தராசில் வைக்கும் முன் "துணியைக் கழட்டிருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த ஒரு வார்த்தையை ஒருவர் சொல்லாமல் விட்டதில் எங்கள் வீட்டில் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எரிச்சலாகத்தான் வருகிறது. காப்பாற்றியது அம்மா எழுதிய நோட்டு.

பிரசவம் சேலத்தில், பிறகு ஏற்காட்டில் அம்மா வீடு. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் சிக்கலில்லாமல் கைக்கு வந்துவிட்டன.

தினக்கணக்கு எழுத ஆரம்பித்தது ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதால். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால், முதல் வாரம் முடிவதற்குள் குறைந்தது 6 தடவை மூச்சா, இது இரண்டும் சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்றார்கள். உடனே வீட்டுக்காரர் போனில் ஒரு ஆப் இறக்கிக் கொடுத்தார். பால் கொடுக்கத் தொடங்கும்போது ஒரு பட்டன், முடித்ததும் ஒரு பட்டன், இடதா வலதா அதற்கு ஒரு பட்டன். ராத்திரி 3 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டைமரை நிறுத்த யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாப்பா விடிய விடியப் பால் குடித்ததாகக் கணக்குக் காட்டியது. இன்னொரு போனிலும் பார்க்க வேண்டுமென்றால் பணம் கட்டச் சொன்னது. அம்மா வீடு இருக்கும் பக்கம் மழை பிடித்தால் கரண்டும் போகும், டவரும் போகும், அப்புறம் எங்கே ஆப்.

அம்மா கடையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி வந்து, பேனாவை நூலில் கட்டித் தூளிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார். நேரம், பால், மூச்சா, ஆய், மருந்து, எழுதியது யார். அவ்வளவுதான் கட்டம். பால்காரர் கணக்கு மாதிரி நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் மட்டும் அம்மா இஷ்டத்துக்கு எதையாவது எழுதுவார்: "காலையிலிருந்து மழை", "மாமா வந்தார், 500 ரூபாய் வைத்தார்", "தும்மல் 2". இதெல்லாம் எதுக்கும்மா என்று நான் சிரித்ததுண்டு.

ஒன்றரை மாத ஊசியை மலையிலேயே போட்டோம். எந்த இடம் என்பது வேண்டாம். நல்ல மூடுபனி, வரிசை வாசல் வரை நிற்கிறது, எடை போடுபவர் பாப்பாவைத் துணியோடு அப்படியே தராசில் வைக்கச் சொல்லி 4.400 என்று அட்டையில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரண்டரை மாத ஊசிக்குள் சேலம் வந்துவிட்டோம். மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குச் சேலத்து வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம், பாப்பா மேல் ஒரு மெல்லிய ஜட்டி தவிர ஒன்றுமில்லை. இங்கே கிளினிக்கில் அதையும் கழட்டிப் போட்டதில் 4.600. 4 வாரத்தில் 200 கிராம்! இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். நர்ஸ் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பால் பத்தல. பவுடர் பால் ஆரம்பிச்சிருங்க" என்றார். டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார். அத்தை வீட்டு வாசலிலேயே, "நான்தான் அப்பவே சொன்னேனே கண்ணு, பால் பத்தலைன்னு" என்றார். அந்தச் சனி, ஞாயிறு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பவுடர் டப்பாவும் வந்துவிட்டது, நான் பிரிக்க விடவில்லை.

ராத்திரி உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். தினமும் 9, 10 தடவை பால், மூச்சா 7 தடவைக்குக் குறையவே இல்லை. பால் பத்தாத குழந்தை இப்படிப் போகுமா? அப்படியே பின்னால் போனால் ஒன்றரை மாத ஊசி நாளின் ஓரத்தில் அம்மா கையெழுத்து: "எடை 4.400. ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், ஃபிளானல் போர்வை, நனைந்த துணி. கழட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள்."

விடிந்ததும் அதே ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், போர்வை, ஒரு துணியை நனைத்துப் பிழிந்தது, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். "என்னக்கா, துணியைக் கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். தராசில் 480 கிராம். அப்படியானால் அன்றைக்குப் பாப்பாவின் எடை 3.920, ஏறியது 680 கிராம், நாளுக்கு 24 சொச்சம். கடையிலேயே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டதும் அதையேதான்: எத்தனை தடவை பால், எத்தனை தடவை மூச்சா, எடை எப்படிப் போட்டார்கள். நோட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, பவுடர் பால் எதுவும் வேண்டாம், அடுத்த வாரம் இதே தராசில் இதே மாதிரி போட்டுப் பாருங்கள் என்றார். போட்டோம், சரியாக ஏறியிருந்தது. அத்தை அதற்கப்புறம் பால் பேச்சை எடுக்கவில்லை. பவுடர் டப்பாவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

எழுதப் போகிறவர்களுக்குச் சில விஷயம். எடை எழுதினால் எந்தத் தராசு, துணியோடா இல்லாமலா என்பதையும் எழுதுங்கள். எழுதியது யார் என்ற கட்டத்தை விடாதீர்கள். விட்டமின் டி சொட்டைக் காலையில் நான் கொடுத்தது தெரியாமல் சாயந்திரம் அத்தை மூடியைத் திறந்துவிட்டு, நோட்டைப் பார்த்துத் திரும்ப மூடிய நாள் உண்டு. அந்த மருந்தே கம்பெனிக்குக் கம்பெனி வேறு, 400 யூனிட்டுக்கு ஒன்றில் 1 மில்லி, இன்னொன்றில் அரை மில்லி, பாட்டில் மாறினால் அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊசிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் இன்னும் மோசம்: சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125. பெயர் ஒன்றுதான், வீரியம் நாலு மடங்கு. டாக்டர் சொன்ன அளவு எதற்கு என்று பெயரோடு எழுதி வையுங்கள். 3 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

தூக்கத்தை நிமிஷக் கணக்கில் எழுதாதீர்கள், பைத்தியம் பிடிக்கும். என்னிடம் எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. ஆய் கட்டம் இரண்டு மூன்று நாள் காலியாக இருந்தாலும் பதறி விளக்கெண்ணெய்ப் பக்கம் போக வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் அப்படி ஆவது சகஜம், இளகலாகப் போனால் சரி. ஜெல் பேனா வேண்டாம், ஈரக்கை பட்டால் அழிந்துவிடும். முடிந்த பக்கங்களை அவ்வப்போது போட்டோ எடுத்து வையுங்கள்.

அட்டையில் அந்த 4.400 இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திருத்தித் தரச் சொல்லி அப்பாவை அனுப்பினேன், எழுதினது எழுதினதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். நானே பக்கத்தில் "துணி 480 கிராம்" என்று பென்சிலில் எழுதிவிட்டேன், மூன்றரை மாத ஊசியன்று அதைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை.