உடைந்த பாலத்திலிருந்து தெரியும் சென்னை

மும்பை மரைன் டிரைவ் மாதிரி வளைந்த கடற்கரையோடு நகரமே தெரியும் ஒரு படம் சென்னையில் எடுக்க வழியே இல்லை என்று போட்டோ எடுக்கும் நண்பர்கள் புலம்புவார்கள். பாதி உண்மைதான். மெரினா வளையாமல் நேராகக் கிடக்கிறது, நகரத்தைத் திரும்பிப் பார்க்கப் படகு ஏறினால்தான் உண்டு. ஆனால் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் இருக்கிறதே! பெசன்ட் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊரூர் ஆல்காட் குப்பம் வழியாகக் கடலை ஒட்டியே வடக்கே நடந்தால் உடைந்த பாலம் வந்துவிடும். 1967-இல் கட்டியது, 1977-இல் ஒரு பகுதியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

எதிர்க்கரையில் சீனிவாசபுரம் குப்பம், அதற்குப் பின்னால் எம்.ஆர்.சி. நகரின் உயரக் கட்டடங்கள், லீலா பேலஸ் ஓட்டல். வைடு லென்ஸ் போட்டால் வானமும் தண்ணீரும்தான் வரும், நகரம் நடுவில் ஒரு கோடு. தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் எடுத்துப் போங்கள். 135 மி.மீ.-ஐத் தாண்டினால் குப்பத்து மாடியில் காயும் துணியும் ஓட்டல் கண்ணாடியும் ஒட்டி நிற்பதுபோல வரும். பலர் குப்பத்தை வெட்டிவிட்டுக் கட்டடங்களை மட்டும் வைக்கிறார்கள், அப்புறம் அது எந்த ஊராக இருந்தால் என்ன?

மாலை வெயில் இடப்பக்கம் ஆற்றின் மேலிருந்து வரும், அழகுதான், ஆனால் நான் காத்திருப்பது சூரியன் இறங்கிய பிறகு ஜன்னல் விளக்குகளும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வரும் நேரத்துக்கு. நம் ஊரில் அந்தி நீளாது, 20 நிமிடம் போனால் வானம் கறுத்துவிடும். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஷட்டர் திறந்திருப்பது சில நொடிகள். ஈர மணலில் டிரைபாட் மெல்ல இறங்கும், கால்களை முதலிலேயே அழுத்தி ஊன்றிவிடுங்கள்.

பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன், "லைட்டே பூட்ச்சு, இன்னும் இன்னாப்பா எடுக்குற?" என்றார். திரையைக் காட்டினேன். ஓட்டலை அவர் கண்டுகொள்ளவே இல்லை, கீழே ஒரு புள்ளியைத் தொட்டு, "இது என் மச்சான் வூடு" என்றார்.

மழை விட்ட மறுநாள் காற்று கழுவினதுபோல இருக்கும், படத்துக்கு அதுதான் நல்ல நாள். ஆனால் அப்போது முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம், கோணத்துக்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள். இருட்டியதும் தனியாக நிற்கவும் வேண்டாம். லென்ஸில் உப்புப் படியும், துணி இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.