ஓர் அறை, ஒரு சாவி

புத்தக வெளியீட்டுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ வருவதற்குள் நழுவிவிடுகிற ஆள் நான். 2023 டிசம்பரில் கோவை விஷ்ணுபுரம் விருது விழாவில் இரண்டு முழு நாள் உட்கார்ந்திருந்தேன் என்றால் அதற்குக் காரணம் என் கல்லூரித் தோழி. "நீ வரலேன்னா நானும் போகலடி" என்று சொல்லிவிட்டாள். இருவருமே கதை எழுதுகிறவர்கள். அவளுக்கு நான்கு கதைகள் வெளியாகியிருந்தன, எனக்கு ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கும், அவளுக்கு இருக்காது.

2010இல் எழுத்தாளர் ஆ. மாதவனுக்கு முதல் விருது கொடுத்ததிலிருந்து ஆண்டுதோறும் நடக்கும் இலக்கிய விழா. நாங்கள் போயிருந்த ஆண்டில் விருது யுவன் சந்திரசேகருக்கு. விருது என்னவோ ஞாயிறு மாலைதான். ஆனால் சனிக்கிழமை காலையிலிருந்தே எழுத்தாளர் அமர்வுகள் உண்டு. எழுத்தாளரை மேடையில் உட்காரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் படிக்காமல் போனால் திருதிருவென விழிக்க வேண்டும். நாங்கள் பட்டியலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பரீட்சைக்குக் கூட நான் அப்படிப் படித்ததில்லை.

பதிவு செய்கிறவர்களுக்குத் தங்க இடம் விழா நடத்துகிறவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். நாங்கள் போகலாமா வேண்டாமா என்று இழுத்தடித்துக் கடைசியில் முடிவெடுத்ததால், கேட்கக் கூச்சப்பட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லாட்ஜில் அறை போட்டோம். வெள்ளிக்கிழமை மதியம் திருச்சியில் பஸ் ஏறி, கரூர், காங்கேயம், பல்லடம் என்று போய், சிங்காநல்லூரில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது.

இருபது வருடப் பழக்கம். இருந்தாலும் ஒரே அறையில் தங்கியதில்லை. அவள் விளக்கு எரிந்தால்தான் தூங்குவாள் என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாது. முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். அவள் அலாரம் ஐந்து மணிக்கு அடித்தது. அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள், விழித்தது நான். கீசர் வேலை செய்யவில்லை. டிசம்பர் மாதக் கோவைத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று கோவைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் முதல் நாள் இரவுப் பேச்சு அருமையாக இருந்தது. மறுநாள் வரப்போகிற ஓர் எழுத்தாளரின் கதைகளில் அம்மாக்கள் ஏன் எப்போதும் சமையலறை வாசலில் நின்றே பேசுகிறார்கள், உள்ளேயும் போவதில்லை வெளியேயும் வருவதில்லை என்று கேட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இதக் கேளுடி, கண்டிப்பா கேளு" என்றாள். நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராஜஸ்தானி சங் மண்டபம் நிரம்பி வழிந்தது. அந்த அமர்வு வந்தது. கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. நான் கையைத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு முழங்கை வரைக்கும்தான் தூக்கியிருக்கிறேன். நேரம் முடியப் போகிறது. பக்கத்திலிருந்தவள் சட்டென்று எழுந்து மைக்கை வாங்கி என் கேள்வியைக் கேட்டாள். என்னைவிட நன்றாகக் கேட்டாள் என்பதுதான் தாங்கவில்லை. நல்ல கேள்வி என்று பாராட்டும் கிடைத்தது. சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் வந்து அவளிடம் அறிமுகம் செய்துகொண்டார்கள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேறு ஊர்த் தோழியென்றால் கோபத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். அறைத்தோழி என்றால் முடியாது. சாவி ஒன்றுதான், அது அவள் பையில். இரவு பத்தரைக்கு, "ஏன்டி கேட்டே?" என்றேன். "நீ கேக்க மாட்டேன்னு தெரியும். கேள்வி வீணாப் போயிடுமேன்னு இருந்துச்சு" என்றாள். அது உண்மை என்பதால் இன்னும் எரிச்சல் வந்தது. அப்புறம் அவளாகவே விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறை விளக்கை மட்டும் போட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தாள். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை தனித்தனியாக உட்கார்ந்தோம். கோபத்தில் இல்லை, அவள் சொன்ன யோசனைதான். முதல்முறை போகிறவர்களுக்கு நானும் இதையே சொல்வேன். சேர்ந்தே இருந்தால் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பீர்கள், புது ஆளிடம் வாய் திறக்க மாட்டீர்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஈரோட்டுக்காரர் ஒருவர், நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். "ஒரு கதைதான்" என்றேன். அது என்ன கதை என்று கேட்டார். பத்து நிமிடம் சொன்னேன். பிற்பகல் அமர்வில் கையை முழுதாகவே தூக்கினேன். கேள்வி சுமார்தான்.

புத்தகம் வாங்குவதில் மட்டும் கூட்டுக் கணக்கு. ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் வாங்குவதில்லை என்று வந்த அன்றே பேசிக்கொண்டிருந்தோம். அதனால் செலவு பாதியாகவில்லை, வகைதான் இரண்டு மடங்கானது. இறுக்கிக் கட்டிய இரண்டு கட்டைப்பைகளோடு அன்றிரவே பஸ் ஏறினோம். ஒரு சிறுகதைத் தொகுப்பில் மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தோம், இருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லி. யார் வைத்துக்கொள்வது என்பதில் பேச்சு முற்றி, கடைசியில் ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிவானது. முதல் ஆறு மாதம் அவளுக்கு. புத்தகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.