சைலன்சரில் ஒட்டிய பிளாஸ்டிக் பை: மாற்றச் சொன்னார்கள், சுரண்டி எடுத்தேன்

சாலையில் பறந்த பிளாஸ்டிக் பை ஒன்று காருக்கு அடியில் போய் சைலன்சர் குழாயில் உருகி ஒட்டிக்கொண்டது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தீய்ந்த நாற்றம். ஒயர் ஏதாவது கருகுகிறதோ என்று பயந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், மெக்கானிக் பின்பக்கம் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முழு சைலன்சரையும் மாத்திடுங்க சார்" என்றார். குழாயில் ஓட்டை இல்லை, விரிசல் இல்லை, சத்தமும் மாறவில்லை. மேலே ஒட்டிய பிளாஸ்டிக்குக்காக முழு சைலன்சரா? வண்டியை லிஃப்டில் ஏற்றிக்கூடப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது. இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

சரி, நாமே பார்க்கலாம் என்று இறங்கினால் ஆளாளுக்கு ஒரு யோசனை. அதிகம் பேர் சொன்னது நெயில் பாலிஷ் ரிமூவர். அதில் இருக்கும் அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். ஆனால் கடைப் பைகள் பெரும்பாலும் பாலித்தீன், அதை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். சீக்கிரம் தீப்பிடிக்கிற திரவம் வேறு, சூடான குழாய்ப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓவன் அடுப்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயையும் சிலர் சொன்னார்கள். அவற்றில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும், அது அலுமினியத்தை அரித்துவிடும். குழாய்க்கு மேலே சூட்டைத் தடுக்க இருக்கும் ஹீட் ஷீல்டு பெரும்பாலும் அலுமினியத் தகடுதான்.

கடைசியில் கைகொடுத்தது மிதமான சூடு. பாலித்தீன் வகையைப் பொறுத்து சுமார் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும். குழாய் ஜில்லென்று இருந்தால் பிளாஸ்டிக் கல் மாதிரி இறுகியிருக்கும். கொதித்தால் நூல் நூலாக இழுபட்டு இன்னும் பரவும், கையும் வேகும். எஞ்சினைச் சில நிமிடம் திறந்த வெளியில் ஓட்டி, அணைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். சீறினால் இன்னும் காத்திருக்க வேண்டும். சொட்டு மட்டும்தான், வாளித் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்கப் பார்த்தால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் விடலாம். அப்புறம் தடித்த கையுறையோடு மரக் கரண்டியால் நெம்பினேன். பட்டை பட்டையாக உரிந்து வந்தது. அந்த நிமிடம் இருக்கிறதே!

பின்முனை வண்டியைத் தூக்காமலே எட்டியது. நடுப்பகுதிக்கு வண்டியைத் தூக்கி, அதைத் தாங்கும் ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள்.

முடிந்தது என்று நினைத்தால் மறுநாளும் நாற்றம். ஹீட் ஷீல்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு துண்டு ஒளிந்திருந்தது. ஷீல்டின் போல்ட் துருப்பிடித்திருந்ததால் முறுக்கி உடைக்க மனம் வரவில்லை. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்து இளக்கி, மெல்லிய மரக் குச்சியால் இழுத்தேன். பக்கத்திலேயே ஆக்ஸிஜன் சென்சார் ஒயர் போகும், அதில் சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைப் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். பளபளப்பான முனையில் அதுவும் வேண்டாம், கீறல் விழும். தேய்த்தும் போகாத மெல்லிய படலம் வண்டி ஓட ஓடத் தானே கருகிப் போயிற்று. அதுவரை ஏசியில் வெளிக்காற்றை அடைத்துவைத்தேன். கறுப்புக் கறை ஒன்று இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், காருக்கு அடியில் படுத்து அழகு பார்க்கப் போவது யார்?