சூடோசிஸ்ட் லாங் கேஸ்: ஆறு சென்டிமீட்டரைத் தாண்டி யோசியுங்கள்

எம்.எஸ். (அறுவை மருத்துவ மேற்படிப்பு) தேர்வின் லாங் கேஸில், அதாவது ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்து விளக்கும் பகுதியில், மேல்வயிற்றுக் கட்டி வந்தால், நோயின் பெயரைச் சொல்லும் முன் நாள்கணக்கைக் கேட்டு வையுங்கள். கணைய அழற்சி தொடங்கி நாலு வாரத்துக்குள் தேங்கும் நீருக்குச் சுவர் இருக்காது. பெரும்பாலும் தானாக வற்றிவிடும். அதற்குப் பிறகும் வற்றாமல் சுற்றிலும் நார்த்திசுச் சுவர் கட்டினால்தான் சூடோசிஸ்ட். அந்தச் சுவருக்குள் அழுகிய திசுவும் கிடந்தால், கணைய அழற்சிக்கான 2012 திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டில் அது வால்டு ஆஃப் நெக்ரோசிஸ். சி.டி.யில் இரண்டும் பல நேரம் ஒன்றுபோலத் தெரியும், எம்.ஆர்.ஐ.யோ எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டோதான் (உள்நோக்கி வழி ஸ்கேன்) பிரித்துக் காட்டும். பிரிக்காமல் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் (வடிகுழாய்) மட்டும் வைத்தால் திசுத் துண்டுகள் அடைத்துச் சீழ் பிடிக்கும்.

பரிசோதனையில் கட்டியின் மேல் விளிம்பு கைக்குப் பிடிபடாது. துடிப்பு இருந்தால் முழங்கால்–முழங்கை நிலையில் மறுபடி பாருங்கள். மகாதமனியிலிருந்து கடத்தப்பட்ட துடிப்பு அப்போது மறையும். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குள் விடும் குழாய்) போட்டிருந்தால் கட்டியின் மேல் விரலை உருட்டுங்கள். டியூப் தட்டுப்பட்டால் கட்டி பின்னாலிருந்து இரைப்பையை முன்தள்ளுகிறது. இதுதான் பெய்ட் டெஸ்ட். சி.டி. காலத்தில் இதற்கு வேலை குறைவுதான், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) குறையவில்லை.

“ஆறு சென்டிமீட்டர், ஆறு வாரம் தாண்டினால் வடிப்போம்” என்ற பழைய விதியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். வலி, வாந்தி, காமாலை, சீழ் இருந்தால் வடிக்க வேண்டும். தொந்தரவு இல்லையென்றால் பெரிய கட்டியையும் ஸ்கேனில் கவனித்தபடி விட்டுவைக்கலாம். ஆறு வாரக் கணக்கு இன்னும் செல்லுபடியாவது ஒன்றுக்குத்தான்: தையலையோ ஸ்டென்டையோ தாங்கும் அளவுக்குச் சுவர் முதிர்வதற்கு.

கணையக் குழாயையும் எம்.ஆர்.சி.பி.யில் (பித்த, கணையக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) பார்க்கச் சொல்லுங்கள். நாட்பட்ட அழற்சியில் குழாய் சுருங்கிக் கட்டியோடு தொடர்பும் இருந்தால் தானாக வற்றுவது அரிது. அப்போது தோல்வழி டியூப் வைத்தால் ஃபிஸ்டுலா (கணைய நீர் வெளியேறும் புழைவழி) ஆறாமல் ஒழுகும்.

வடிக்கும் முன் ஆர்டீரியல் ஃபேஸ் சி.டி. (தமனிகளில் மருந்து நிறைந்திருக்கும்போது எடுக்கும் ஸ்கேன்) அவசியம். ஸ்ப்ளீனிக் (மண்ணீரல்) தமனியில் சூடோஅன்யூரிசம் (சுவர் சிதைந்து உருவான ரத்தப் புடைப்பு) இருப்பது தெரியாமல் வடித்தால் ரத்தம் கொட்டும். அது இருந்தால் முதலில் எம்போலைசேஷன் (ரத்தக்குழாய் வழியே அதை அடைப்பது), பிறகுதான் வடிப்பு. அழற்சி வந்த வரலாறே இல்லாத நோயாளிக்கு மியூசினஸ் கட்டியை (சளி போன்ற நீர் சுரக்கும் புதுவளர்ச்சி) சந்தேகித்து, கட்டியின் நீரில் அமைலேஸ் (கணைய நொதி), சி.இ.ஏ. (கட்டி குறிப்பான் புரதம்) பாருங்கள்.

கட்டி இரைப்பைச் சுவரிலிருந்து 10 மி.மீ.க்குள் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழி சிஸ்டோகாஸ்ட்ராஸ்டமி (கட்டியை இரைப்பைக்குள் வடியத் திறப்பது). உலோக ஸ்டென்ட் வைத்தால் மூன்று, நாலு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். தங்கினால் ரத்தக்கசிவு வரலாம், ஸ்டென்ட் சுவருக்குள் புதையலாம். எட்டாத இடமென்றால் ரூ-என்-ஒய் சிஸ்டோஜெஜுனாஸ்டமி (Y வடிவில் சிறுகுடலைக் கட்டியோடு இணைக்கும் அறுவை). திறக்கும்போது கட்டியின் சுவரில் ஒரு துண்டை பயாப்ஸிக்கு அனுப்புவோம் என்பதை எக்ஸாமினர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.